மேற்கே போனவர்கள்

டீச்சர் ‘தெரியாது’ என்று சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும். நாமெல்லாம் அந்தச் சொல்லை அவசரமாக உதறிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவுவோம். அவர் கையில் இருக்கும் டீ கிளாஸைக் கீழே வைப்பார். கேட்டவரின் முகத்தை நேராகப் பார்ப்பார். “அது தெரியாதுங்க” என்பார். பிறகு கிளாஸை மறுபடி எடுத்துக்கொள்வார். சங்கடமெல்லாம் கேட்டவருக்குத்தான்.

பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்தெருவில், ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் நாங்கள் பல வருஷம் குடியிருந்தோம். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். அவர் அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் வரலாறு நடத்தினார். ஊர் நாகப்பட்டினம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் கட்டடத்தில் சிந்திக்காரர், மலையாளி, பாகிஸ்தானி எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அவருடைய பெயரை லிப்டுக்குப் பக்கத்தில் இருந்த தபால் பெட்டியில்தான் நான் முதலில் படித்தேன். ஒரு நாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவருக்குத் தீராத ஆசை ஒன்று இருந்தது. அசோகர் காலத்தில் புத்தரின் தர்மத்தை எடுத்துக்கொண்டு மேற்கே போனார்களே, அவர்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படிப்பார். லீவுக்கு ஊருக்குப் போனால் பெட்டி நிறையப் புத்தகம் வரும். என் மனைவி உமா வாங்கி வரச் சொன்ன மிளகாய்த்தூள் பல தடவை அதனால்தான் வரவில்லை.

“அசோகர் கல்லுல வெட்டி வெச்சிருக்கார் தம்பி” என்று ஒரு நாள் சொன்னார். “மேற்க அஞ்சு ராஜாக்களோட பேரைச் சொல்றார். சிரியா, எகிப்து, மாசிடோனியா, அந்தப் பக்கமெல்லாம். அங்கெல்லாம் தர்மம் போய்ச் சேந்துடுச்சுங்கிறார். தூதர்களைப் பத்தியும் வருது. நம்ம சோழரும் பாண்டியரும்கூட அதே கல்லுலதான் இருக்காங்க. ராஜா பேரு அஞ்சும் இருக்கு. நடந்து போனவங்க பேரு ஒண்ணுகூட இல்ல.”

“அந்தப் பக்கத்துக்காரங்க எழுதியிருப்பாங்களே டீச்சர்?”

“வந்தாங்கன்னும் எழுதலை. வரலைன்னும் எழுதலை.”

“திரும்பி வந்தாங்களா?”

கிளாஸ் கீழே போனது. “தெரியாது.”

அவருடைய அக்கறை முழுக்க அந்தப் பெயரில்லாதவர்கள் மேல்தான். என்ன செருப்புப் போட்டிருப்பார்கள், கப்பலில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள், எந்தப் பாஷையில் தண்ணீர் கேட்டிருப்பார்கள் என்றெல்லாம் யோசிப்பார். ஆனால் அந்த யோசனையில் ஒன்றைக்கூட நடந்ததாகச் சொல்ல மாட்டார். “இது நான் நெனைக்கிறது. இது கல்லுல இருக்கிறது” என்று இரண்டு கைகளையும் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டுவார்.

ஏதென்ஸ் நகரத்தில் தீக்குளித்த ஓர் இந்தியத் துறவியைப் பற்றி அடிக்கடி பேசுவார். அசோகருக்கு வெகுகாலம் கழித்து, குஜராத்துக் கரையிலிருந்து ஒரு தூதுக்குழுவோடு போனவர். அவருடைய சமாதியில் அவர் ஊரின் பெயரைக்கூடப் பொறித்திருந்தார்களாம். ஒரு முறை எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த என் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப ஐரோப்பாவுக்குப் போன முதல் புத்த பிட்சு அவர்தான், இல்லையா டீச்சர்?” என்று உற்சாகமாகக் கேட்டார்.

“சிரமணர்ங்கிற மாதிரி ஒரு சொல் அவர் பேருல இருக்கு. பௌத்தரா இருக்கலாம். ஜைனரா இருக்கலாம். ரெண்டும் இல்லாம வேற யாராவதாவும் இருக்கலாம்.”

“எது கரெக்ட்?”

“தெரியாதுங்க.”

நண்பர் போகும்போது காலணி மாட்டிக்கொண்டே என்னிடம், “இவங்ககிட்டப் படிக்கிற பசங்க எப்படி மார்க் வாங்குறாங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருடைய மாணவர்கள் நன்றாகவே மார்க் வாங்கினார்கள். ஆனால் பெற்றோர்கள் சிலர் அவர்மேல் புகார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதும் உண்மை.

எகிப்தில் செங்கடல் துறைமுகம் ஒன்றைத் தோண்டியபோது புத்தர் சிலை கிடைத்தது என்று செய்தி வந்த அன்று, அதை நான்தான் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சாயங்காலம் கதவைத் தட்டினார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. இனிமேலாவது ‘தெரியாது’ கொஞ்சம் குறையும் என்று நினைத்தேன்.

“சிலை போயிருக்கு டீச்சர். பிட்சுக்களும் போயிருக்காங்கன்னு ஆயிடுச்சுல்ல?”

“அது ஆகலை தம்பி. அசோகருக்கு ரொம்பப் பின்னாடி, வியாபாரிங்க காலத்துச் சிலை. ஆனா இதப் பாருங்க. கல்லு நம்ம ஊருக் கல்லு இல்ல, அந்தப் பக்கத்துப் பளிங்கு. அங்கயே செதுக்கியிருக்கலாம்னு சொல்றாங்க.” படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். “அப்படின்னா அங்க யாரோ ஒருத்தர், எனக்கு ஒரு புத்தர் வேணும்னு ஒரு கல்தச்சன்கிட்டக் கேட்டிருக்கார். இப்படி நிக்கணும், சுருட்டை முடி இப்படி இருக்கணும்னு சொல்லியிருக்கார். அந்த ஒருத்தர் இருந்திருக்கார்ல? அது போதும் எனக்கு.”

இவ்வளவு கொஞ்சத்தில் ஒரு மனுஷி இவ்வளவு நிறைந்துபோவாரா என்று அன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்தக் குணத்தால் அவருக்கு விரோதமும் வந்தது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்து தலைப்பைச் சொல்லிவிட்டார். ‘உலகை வென்ற தர்மம்.’

“கடைசி சீன்ல கிரேக்க ராஜா கிரீடத்தைக் கழட்டிப் பிட்சுவோட கால்ல வைக்கிறார் டீச்சர். ஹாலே எந்திரிச்சு நின்னு கை தட்டும்.”

“எந்த ராஜாங்க?”

“அஞ்சு பேர்ல யாராவது ஒருத்தர்.”

“அப்படி யாரும் வெச்சதா எங்கயும் இல்லையே.”

“சின்னப் பசங்க டிராமா டீச்சர். இங்க வளர்ற பிள்ளைங்களுக்கு ஒரு பெருமை வரணும்ல?”

“பெருமைக்கு என்னங்க கொறைச்சல்? அவ்வளவு தூரம் கெளம்பினாங்களே.”

கடைசியில் அவர் எழுதிய நாடகத்தில் துறவிகள் படகேறினார்கள். மனிதருக்கும் மிருகத்துக்கும் மருந்தாகும் செடிகளைச் சுமந்துகொண்டு போனார்கள். அந்தச் செடிகளும் கல்வெட்டில் உள்ளவைதான். வழியில் ஒருவர் காய்ச்சலில் படுத்தார். மற்றவர்கள் ஒரு பெரிய நகரத்தின் கோட்டை வாசலில் போய் நின்றார்கள். காவல்காரன் ஆங்கிலத்தில் கேட்க, இவர்கள் தமிழில் பதில் சொல்ல, ஹாலில் நல்ல சிரிப்பு. காவல்காரன் ராஜாவிடம் சொல்ல உள்ளே போனான். துறவிகள் காத்து நின்றார்கள். விளக்கு மெல்ல அணைந்தது. ஒரு சிறுமி முன்னால் வந்து சொன்னாள்: “கதவு திறந்ததா என்று நமக்குத் தெரியாது. அவர்கள் உள்ளே போனார்களா, ஊர் திரும்பினார்களா, அவர்களுடைய பெயர்கள் என்ன, எதுவும் தெரியாது. வணக்கம்.”

திரை விழுந்தது. யாரும் கை தட்டவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், “கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்டார். செயலாளர் மைக்கைப் பிடித்து, சிறு தொழில்நுட்பக் கோளாறு என்று அறிவித்துவிட்டு அடுத்த நடனத்தைக் கூப்பிட்டார். அதன்பிறகு டீச்சரைச் சங்கத்தில் எதற்கும் கூப்பிடவில்லை.

என் மகள் அந்தத் துறவிகளில் ஒருத்தியாக நின்றவள். காரில் வரும்போது, “அப்பா, டிட் தே லெட் தெம் இன்? உள்ள விட்டாங்களா?” என்றாள். மறுநாளும் கேட்டாள். தூங்கப் போகும்போதும் கேட்டாள். அந்த விழாவில் மற்றவர்கள் போட்டது எதுவுமே எனக்கு இப்போது நினைவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்த நாளும் உண்டு. உமாவுக்கு மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுத் திசு எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தோம். வந்தவர்கள் எல்லோரும், “ஒண்ணும் இருக்காது உமா, தைரியமா இரு” என்றார்கள். டீச்சரும் வந்தார். உமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஒண்ணும் இருக்காதுல்ல டீச்சர்?”

டீச்சர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“தெரியாதும்மா” என்றார். “ரிசல்ட் வாங்கப் போறப்ப நான் கூட வர்றேன்.”

வாசல்வரை போய், “ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக்கூடாதா டீச்சர்?” என்று கேட்டுவிட்டேன். அவர் தன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஆனால் ரிசல்ட் அன்று பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, உமாவுக்கு முன்னால் தயாராகி லிப்ட் பக்கத்தில் நின்றார். சாதாரணக் கொழுப்புக் கட்டிதான். திரும்பி வந்த அன்று உமா சொன்னாள்: “மத்தவங்கள்லாம் ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் தனியா பயந்துக்கிட்டு இருந்தேன். இவங்க ஒருத்தங்கதான் நான் பயப்படுற எடத்துல வந்து உக்காந்தாங்க.”

எனக்கு அது அப்போது முழுக்கப் பிடிபடவில்லை. முருகையன் செத்தபோதுதான் பிடிபட்டது.

முருகையன் எங்கள் கட்டடத்துக்கு ஏசி ரிப்பேர் பார்க்க வந்துகொண்டிருந்தவர். வேதாரண்யம் பக்கம். டீச்சருக்கு ஒரே மாவட்டம் என்பதால் வேலை முடிந்ததும் ஒரு டீயாவது குடிக்காமல் போக மாட்டார். ஊரில் இருக்கும் மனைவி செல்வியை டீச்சரின் போனில் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டியதும் அவர்தான். செல்விக்கு டீச்சர் ‘டீச்சரக்கா’ ஆகிவிட்டார். பிறகு கம்பெனி மாறி, முருகையன் ராஸ் அல் கைமாவில் ஒரு பீங்கான் தொழிற்சாலைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்குப் போனார். தங்குவதும் அங்கேயே, தொழிலாளர் கேம்பில். போன வருஷம் கோடையில் ஒரு நாள் அவர் ரூமில் செத்துக் கிடந்தார். ஹார்ட் அட்டாக் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். உடல் மார்ச்சுவரியில் இருந்தது. அனுப்பும் வேலைகளைக் கம்பெனி பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் வந்து, “ராஸ் அல் கைமா வரைக்கும் கார்ல கூட்டிட்டுப் போறீங்களா தம்பி?” என்று கேட்டார். கண்கள் வீங்கியிருந்தன.

விஷயம் இதுதான். ரூமில் இருந்த ராஜேந்திரன் செல்வியிடம், முருகையன் தன் மடியில் உயிரை விட்டதாகவும், கடைசியாக மகளின் பெயரைச் சொன்னதாகவும் சொல்லியிருக்கிறான். இன்னொருவன், அன்பு, தூக்கத்திலேயே போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்றிருக்கிறான். போர்மேன் இந்தியில் பேசி, ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் எவ்வளவோ போராடினார்கள் என்று சொல்ல, பக்கத்து வீட்டுப் பையன் அதைத் தமிழில் சொல்லியிருக்கிறான். மூன்று சாவு வந்து சேர்ந்ததில் செல்விக்கு ஒன்றையும் நம்ப முடியவில்லை. அடித்துக் கொன்றுவிட்டு மறைக்கிறார்களோ, மிஷினில் மாட்டிக்கொண்டாரோ என்று போய்விட்டது அவள் மனசு. அழுகைகூட நின்றுவிட்டதாம். டீச்சரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறாள்: “நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நம்புறேன்.”

எமிரேட்ஸ் ரோட்டில் ஷார்ஜாவைத் தாண்டும்வரை நான் பொறுத்திருந்தேன்.

“டீச்சர், அவர் தனியாத்தான் செத்திருக்கார்னா என்ன செய்வீங்க?”

“தனியாத்தான்னு சொல்லுவேன்.”

“இதுல மட்டும் வேணாம் டீச்சர். அந்தப் பொண்ணு வாழ்நாளெல்லாம் அதையே நெனைச்சுக்கிட்டு இருக்கும். மடியில போனார்னு இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மணல் மேடுகளும் மின்கம்பங்களும் போய்க்கொண்டிருந்தன. வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் தம்பி. குவைத்துல, மங்காஃப்ல, ஒரு கடையில வேலை. தொண்ணூறுல சண்டை வந்தப்ப காணாமப் போயிட்டான். திரும்பி வந்தவங்க ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொன்னாங்க. ஜோர்டான் பார்டர்ல கேம்ப்ல பாத்தேன்னார் ஒருத்தர். பாஸ்ராவுல லாரி ஓட்டுறான்னார் இன்னொருத்தர். கல்யாணம் கட்டிக்கிட்டு அங்கயே இருக்கான்னுகூட ஒருத்தர் சொன்னார். எல்லாரும் நல்லவங்க. எங்கம்மா மொகத்தைப் பாத்துட்டு வெறுங்கையோட எந்திரிச்சுப் போக முடியாம சொன்னவங்க. அம்மா ஒவ்வொரு கதைக்கும் கொஞ்ச வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு பொய்யானதும் அடுத்ததுக்குப் போனாங்க. கடைசி வரைக்கும் அவனுக்காக அழவே இல்ல. அழறதுக்கு எடமே குடுக்கலை யாரும்.”

நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருந்தும் அவருக்கு ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. இப்போது அவர் துபாயில் இல்லை. இந்த வருஷம் ஏப்ரலில் புதுப் பள்ளிக்கூட வருஷம் தொடங்கியதும், மங்காஃபில் ஒரு பள்ளிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார். அங்கே எதையாவது தேடுகிறாரா என்று நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று கேம்ப் வாசலில் செக்யூரிட்டி கையை நீட்டித் தடுத்தான். “லேடீஸ் அந்தர் மாஃபி” என்றான், இந்தியும் அரபியும் கலந்து. ஆண்கள் கேம்புக்குள் பெண்களை விடுவதில்லை. டீச்சர் வெயிலில் அப்படியே நின்றார். கேம்ப் பொறுப்பாளர் ஒரு மலையாளி. அவர் வந்து விவரம் கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்து, “ரூம்ல வேண்டா டீச்சரே. கிச்சன்ல இரிக்கு. பத்து மினிட்டு” என்றார்.

கிச்சன் என்பது மதில் ஓரமாக ஒரு நீளமான தகரக் கொட்டகை. வரிசையாகக் கேஸ் அடுப்புகள், சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. மற்ற ரூம்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சமையலில் இருந்தார்கள். டீச்சரைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருவர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துத் துடைத்துப் போட்டார். டீச்சர் அதில் உட்கார்ந்தார். நான் ராஜேந்திரனோடு ரூமுக்குப் போனேன். முருகையனுடையது அடுக்குக் கட்டிலில் கீழ்த்தட்டு. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கொடியில் இரண்டு வேலைச் சட்டைகளும் ஒரு லுங்கியும் வெயிலில் விறைத்துப்போய்த் தொங்கின.

“அண்ணன் தொவைச்சுப் போட்டது. எடுக்க மனசு வரலைங்க” என்றான் ராஜேந்திரன். ராமநாதபுரத்துக்காரன், முப்பது வயசுக்குள்தான் இருக்கும்.

திரும்பி வந்தபோது அன்புவும் வந்திருந்தான். டீச்சர் இருவரையும் எதிரே உட்காரச் சொன்னார்.

“நீங்க போன்ல சொன்னது தப்புன்னு சொல்ல நான் வரலைப்பா. நடந்ததைச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சது மட்டும்.”

ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். “அந்தப் புள்ள போன்ல அப்படிக் கதறுது டீச்சர். யாருமே இல்லாம கெடந்தாருன்னு எப்படிச் சொல்லுவேன்? மடியில இருந்தாருன்னு வாயில வந்துருச்சு.”

பிறகு மெதுவாக எல்லாம் வந்தது. அன்றைக்கு முருகையனுக்கு நைட் டூட்டி முடிந்த நாள். காலையில் வந்து படுத்திருக்கிறார். மற்றவர்கள் டூட்டிக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் வந்து பார்த்தபோது கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, போலீஸ் வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

“மத்தியானம் எந்திரிச்சாரா?”

“எந்திரிச்சிருக்கார்” என்றான் அன்பு. “அன்னைக்குச் சமையல் மொறை அவரோடது. துணி தொவைச்சுப் போட்டிருக்கார். இங்க வந்து வெங்காயம் உரிச்சு வெச்சிருக்கார். கருவாட்டத் தலை கிள்ளி, தண்ணியில ஊறப் போட்டிருந்தார். அதுக்கப்புறம்தான் என்னமோ பண்ணியிருக்கு. கொஞ்ச நேரம் படுப்போம்னு போயிருப்பார் போல.”

“போயிருப்பார்ங்கிறது நீ நெனைக்கிறது.”

“ஆமாங்க. நெனைக்கிறதுதான்.”

டீச்சர் போனை எடுத்து செல்விக்குப் போட்டார். என்னிடம் கொடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“செல்வி, நான் கேம்புலேர்ந்து பேசுறேன்மா. விசாரிச்சுட்டேன்.”

“சொல்லுங்கக்கா.”

“அவர் போனப்ப பக்கத்துல யாரும் இல்லம்மா. எல்லாரும் டூட்டியில இருந்தாங்க. என்ன சொன்னார், வலிச்சுதா, கூப்பிட்டாரா, ஒண்ணும் தெரியாது. யாருக்குமே தெரியாது.”

ராஜேந்திரன் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். நான் பயந்துபோய் டீச்சரைப் பார்த்தேன்.

“தெரிஞ்சதைச் சொல்றேன், கேளு. யாரும் அடிக்கலை. மிஷின்ல மாட்டலை. கட்டில்லதான் படுத்திருந்தார். மத்தியானம் வரைக்கும் எந்திரிச்சு நடமாடியிருக்கார். துணி தொவைச்சுக் காயப்போட்டிருக்கார், இன்னும் கொடியில கெடக்கு. அன்னைக்குச் சமையல் மொறை அவரோடது. வெங்காயம் உரிச்சு வெச்சிருக்கார். கருவாடு ஊறப் போட்டிருக்கார்.”

“கருவாடா?”

“ஆமாம்மா.”

“அவரு கருவாடு திங்க மாட்டாருக்கா” என்றாள் செல்வி. குரல் மாறியிருந்தது. “வீட்ல கருவாடு வறுத்தா அன்னைக்குப் பூரா உள்ளயே வர மாட்டாரு. அந்த வாசமே ஆகாது அவருக்கு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அன்புதான் போன் பக்கம் குனிந்தான்.

“அவர் சாப்பிட மாட்டாரு தங்கச்சி. எங்களுக்காக வெப்பாரு. எங்களுக்குப் பிடிக்கும்னு. மூக்குல துண்டக் கட்டிக்கிட்டு வெப்பாரு. அவருக்குத் தனியா ஒரு ரசம் வெச்சுக்குவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்.”

அப்போதுதான் செல்வி அழுதாள். அதைக் கேட்டு மற்ற அடுப்புகளில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தீயைக் குறைத்தார்கள். பாகிஸ்தானிப் பதான் ஒருவர் தலைத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. டீச்சர் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழாதே என்று சொல்லவில்லை. பொறுப்பாளர் வாசலில் வந்து பார்த்துவிட்டு, பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

அழுகை அடங்கியதும் அவள் கேட்டாள். “அந்தக் கொழம்ப வெச்சாங்களாக்கா?”

“இல்லம்மா. அன்னைக்கு எல்லாத்தையும் கொட்டிட்டாங்க.”

“அப்ப என்ன சாப்பிடுறாங்க?”

டீச்சர் பையன்களைப் பார்த்தார். ராஜேந்திரன், “குப்பூஸ் ரொட்டியும் டீயும்தான். அடுப்புப் பக்கம் வர ஒருத்தனுக்கும் மனசில்லைங்க” என்றான்.

“இன்னைக்கு அந்தக் கொழம்ப வெக்கச் சொல்லுங்கக்கா.”

“அண்ணன் பாடி இன்னும் மார்ச்சுவரியில கெடக்குது தங்கச்சி. இப்பப் போயி கருவாடு…” அன்பு முடிக்கவில்லை.

“அவரு வெக்கணும்னு எந்திரிச்சு வந்ததுதானே அண்ணே. அது பாதியில நிக்க வேணாம். நீங்க பட்டினி கெடந்தா அவருக்கு ஆகாது. வெயிங்க. போன வெக்காதீங்க, நான் இருக்கேன்.”

அன்பு ஓடிப்போய் ரூமிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வந்தான். பக்கத்து அடுப்புக்காரர் வெந்நீர் கொடுத்தார். டீச்சர் வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். நான் புளியை ஊறப் போட்டேன். போனை ஒரு மிளகாய்த்தூள் டப்பா மேல் சாய்த்து வைத்தோம். எண்ணெய் காய்ந்து வெங்காயம் விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“தக்காளி அப்பறமாப் போடுங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உப்பு இப்பப் போடாதீங்க. கருவாட்டுலயே இருக்கும்.”

ராஜேந்திரன் ஒவ்வொன்றுக்கும் “சரி தங்கச்சி, சரி தங்கச்சி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளறினான்.

சிமென்ட் தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். அந்தப் பதானுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். முதல் கவளத்தை யாரும் எடுக்கவில்லை. டீச்சர்தான் முதலில் பிசைந்தார். அவர் எடுத்ததும் பையன்கள் எடுத்தார்கள்.

“சாப்பிடுறாங்களாக்கா?”

டீச்சர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். “சாப்பிடுறாங்கம்மா. எல்லாரும் சாப்பிடுறாங்க.”

“சரிக்கா. அப்ப நானும் போயி அடுப்பப் பத்த வெக்கிறேன். சேதி வந்ததுலேர்ந்து புள்ள அடுத்த வீட்டுச் சோத்தத்தான் திங்குது.”

போனை அவள்தான் முதலில் வைத்தாள்.